ஓபன் பேஃபிள் ஸ்பீக்கரின் பலகை பேஸ் வரும்போது நடுங்குகிறது. இன்னும் தடிமனான பலகை போட்டால் சரியாகுமா?

பாதிதான் சரியாகும். அதுவும் நீங்கள் குறை சொல்கிற பாதி இல்லை.

நீங்கள் சொன்ன அமைப்பு: பெட்டி கிடையாது, 18 மி.மீ. ப்ளைவுட் பலகை ஒன்றில் பேஸுக்கு 15 அங்குல வூஃபர், அதற்கு மேலே குரலும் மற்றதும் வரும் சின்ன ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர். பேஸ் அடித்தால் பலகையின் உச்சி நடுங்குகிறது, பாடுபவர் குரல் கலங்கிக் கேட்கிறது. கிட்டத்தட்ட இதையே நான் இரண்டு தடவை கட்டிப் பிரித்திருக்கிறேன். முதல் தடவை நானும் தடிமனைத்தான் சந்தேகப்பட்டேன். பின்பக்கம் இன்னொரு 18 மி.மீ. ப்ளைவுட்டை ஒட்டி 36 ஆக்கினேன். பசை காய ஒரு ராத்திரி, துளையை மறுபடி வெட்டித் தேய்க்க ஒரு நாள். விரல் முட்டியால் தட்டினால் முன்பு 'தொம்' என்றது இப்போது 'டக்' என்றது. ஆஹா, முடிந்தது என்று பாட்டைப் போட்டேன். உச்சி முன்பு போலவே ஆடிக்கொண்டிருந்தது.

பலகை இரண்டு விதமாக ஆடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒன்று, பலகையே வளைந்து அதிர்வது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 8 மடங்கு, எடை 2 மடங்கு. அதனால் வளைந்து அதிரும் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. 'தொம்' 'டக்' ஆனது இதனால்தான். இன்னொன்று, பலகை மொத்தமாக, கதவு மாதிரி, அடியில் ஒரு கீல் இருப்பதைப் போல முன்னும் பின்னும் சாய்வது. என்னுடையதில் அந்தக் கீல், பலகையை அடித்தட்டோடு இணைத்த எல் வடிவத் தகடுகள். நான் கூட்டியது பலகையின் எடையை. தகடுகள் அப்படியே இருந்தன.

சரி, அதை ஆட்டுவது எது? மூடிய பெட்டி என்றால் உள்ளே அடைபட்ட காற்று சுவர்களைத் தள்ளுகிறது என்று சொல்லலாம். இங்கே காற்று அடைபடவே இல்லை. ஆட்டுவது வூஃபரின் உதை. கோன், அதாவது முன்னும் பின்னும் நகரும் அந்தக் கூம்பு, முன்னே பாயும்போது மேக்னட்டும் அதைத் தாங்கும் சட்டகமும் பின்னே உதைபடும். அந்த உதையை அப்படியே வாங்கிக்கொள்வது, நீங்கள் இறுக்கி முடுக்கிய பலகை.

எவ்வளவு உதை என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். நகரும் பகுதி 80 கிராம், மீதி வூஃபர் 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 50-க்கு 1. கோன் 5 மி.மீ. நகர்ந்தால் மேக்னட் 0.1 மி.மீ. நகரப் பார்க்கும். இது ஒரு அசைவா என்று தோன்றும். ஆனால் 15 அங்குலக் கோனின் பரப்பு சுமார் 850 சதுர செ.மீ.; 100-க்கு 50 செ.மீ. பலகையில் துளை போக மீதி 4,000 சதுர செ.மீ.க்கு மேல். பலகை முழுக்க அந்த 0.1 மி.மீ. ஆடினால், அது தள்ளும் காற்று கோன் தள்ளுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பலகையின் எடையையும் சேர்த்தால் இது குறையும், உண்மை. ஆனால் பலகை சாயும் சொந்த அதிர்வெண்ணில் பாட்டு வந்து விழும்போது பல மடங்கு கூடும், நோட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் ஃபுல்ரேஞ்சும் அதே பலகையில்தானே உட்கார்ந்திருக்கிறது? குரல் கலங்குவது அதனால்தான்.

மரத்தில் கை வைக்கும் முன் எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போதும். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏற்றுங்கள், ஒலி மிதமாக இருக்கட்டும். பலகையின் மேல் விளிம்பில் விரல் நுனியை அழுத்தாமல் வையுங்கள். என்னுடையதில் 40-ஐத் தாண்டியதும் விரலில் கூச்சம் மாதிரி ஆரம்பித்து, 47-ல் விளிம்பில் நிறுத்தியிருந்த பென்சில் நகர்ந்து கீழே விழுந்தது. 60-ல் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரே இடத்தில் உச்சம் வந்து, விரலைக் கீழே இறக்க இறக்கக் குறைந்தால், அது சாய்வு. பலகையின் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தெரிந்தால் அது வளைவு. இரண்டும் இல்லாமல் 'ர்ர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால், ஒயர் எங்கோ சட்டகத்தில் உரசுகிறது. இதை அற்பம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் நான் பலகையைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி ஒரு கேபிள் டை.

சாய்வுக்கு நான் கண்ட நல்ல வழி, வூஃபரைப் பலகையில் தொங்கவிடாமல் மேக்னட்டில் தாங்குவது. அடித்தட்டிலிருந்து பலகைக்குப் பின்னால் தனியாக ஒரு கட்டைத் தாங்கி எழுப்பினேன். பின்பக்கம் முக்கோணமாக முட்டு. உச்சியில் மேக்னட் உட்காரும்படி அரைவட்டமாக வெட்டி, மேலே ஒரு பட்டை போட்டு இறுக்கினேன். வூஃபரின் முன் விளிம்பு பலகையைத் தொடுவதில்லை. இடையில் 3 மி.மீ. இடைவெளி, அதில் கதவு இடுக்கில் ஒட்டும் மெத்தென்ற ஃபோம் பட்டை. ஸ்க்ரூ ஒன்றுகூடக் கிடையாது. அதாவது உதை போவது தாங்கிக்கும் தரைக்கும். பலகையின் வேலை முன் ஒலியையும் பின் ஒலியையும் பிரித்து வைப்பது மட்டும். அதே 47-ல் மறுபடி பென்சிலை நிறுத்தினேன். நின்றது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஒலியை வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பற்றிப் படிக்கும்போது லிங்க்விட்ஸ்-ரைலி என்று வருமே, அந்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் தன் எல்எக்ஸ்521 ஸ்பீக்கர் வடிவமைப்பில் மேல் பலகையை வூஃபர் சட்டத்தில் ஏற்றாமல், அதற்கு மேலாக நிற்கும் தனிப் பாலம் ஒன்றில் நிறுத்தியிருக்கிறார். அதையாவது நீங்கள் உடனே செய்யலாம்: ஃபுல்ரேஞ்சைத் தனிப் பலகையில் பிரித்துவிடுங்கள். எனக்கு வித்தியாசம் முதலில் தெரிந்தது பேஸில் இல்லை, குரலில்தான்.

வளைவு வேறு கதை. இங்கே தடிமன் உதவும், ஆனால் தணிப்பு அதைவிட உதவும். இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவில் காய்ந்தால் கல்லாகிற மரப்பசை போட்டால் கிடைப்பது ஒரே தடித்த பலகை, அவ்வளவுதான். காய்ந்த பிறகும் ரப்பர் போல இழுபடும் பசை போட்டால், வளையும்போது அந்தப் படலம் உரசி அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். 1950-களிலேயே வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவில் மணலைக் கொட்டிப் பேஃபிள் செய்து விற்றிருக்கிறார். அருமையாக வேலை செய்யும். நகர்த்தத்தான் இரண்டு ஆள் வேண்டும்.

அடியில் மெத்தை மாதிரி ரப்பர் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. உயரமான, ஒல்லியான ஒன்றை மெத்தென்ற காலில் நிறுத்தினால் அது தொட்டில்தான். நான் வைத்து இரண்டே நாளில் எடுத்துவிட்டேன். தரை மரப்பலகையாக இருந்து அதுவும் சேர்ந்து அதிர்ந்தால் யோசிக்கலாம். கான்கிரீட் என்றால் கெட்டியான கால், கனமான அடித்தட்டு.

இன்னொன்று, மரவேலையே இல்லாதது. ஓபன் பேஃபிளில் முன்னொலியும் பின்னொலியும் ஒன்றையொன்று அழிப்பதால், கீழே போகப் போக ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், 6 டெசிபல் தானாகவே குறையும். அதை ஈக்வலைசரில் ஏற்றி ஈடுகட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே எடுக்க கோன் 8 மடங்கு தூரம் நகர வேண்டும், உதையும் 2 மடங்காகும். நான் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிவிட்டேன். இசையில் இழந்தது எதுவும் என் காதுக்குத் தெரியவில்லை; கோன் வீணாக முன்னும் பின்னும் துள்ளுவது நின்றது.

வரிசையாகக் கேட்டால்: முதலில் ஃபில்டர், அப்புறம் ஃபுல்ரேஞ்சைப் பிரிப்பது, அப்புறம் மேக்னட் தாங்கி. ஒரே ஸ்பீக்கரில் இரண்டு வூஃபர் போடுகிற எண்ணம் இருந்தால், இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, கோன்கள் ஒன்றையொன்று நோக்கி ஒரே நேரத்தில் நகரும்படி இணைக்கலாம். இரண்டின் உதையும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைத் திருப்பி வைத்து, இணைப்பையும் மாற்றி, இரண்டு கோனும் ஒரே திசையில் நகரும்படி செய்தால் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) கொஞ்சம் குறையலாம், உதை குறையாது. இரண்டும் ஒன்று என்று குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

தாங்கி வெட்டும் முன் மேக்னட்டின் பின்புறத்தைப் பாருங்கள். நடுவில் காற்றுத் துளை இருந்தால் கட்டை அதை மூடக் கூடாது. நான் மூடிவிட்டு, பேஸ் வரும்போதெல்லாம் வந்த 'புஸ் புஸ்' சத்தத்தை ஃபோம் பட்டையில் தேடிக்கொண்டிருந்தேன்.