மனைக்கும் சேர்த்து வெள்ளக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஏரிக்குக் கீழ்ப்பக்கம் எங்கள் வீடு. 2024 டிசம்பர் மழையில் முழங்கால் வரை தண்ணீர் ஏறி பிரிட்ஜ், மெத்தை, பீரோ எல்லாம் வீணாகிவிட்டன. வீட்டுக் கடன் வாங்கும்போதே வங்கியில் இன்சூரன்ஸுக்குப் பணம் பிடித்தார்கள். இப்போது ஒரு ஏஜென்ட், மனையோடு சேர்த்து 45 லட்சத்துக்கு வெள்ளப் பாலிசி போடச் சொல்கிறார். போடலாமா சார்? காருக்கும் அதுவே போதுமா?

பதில்: பாலிசி போடுங்கள். ஆனால் 45 லட்சத்துக்கு வேண்டாம். வெள்ளம் மனையைத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பீடு. அதற்கு மேல் எவ்வளவு பிரீமியம் கட்டினாலும் அந்தச் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் கிடைக்காது.

உள்பரப்பு 900 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 19.80 லட்சம். காம்பவுண்டுச் சுவர், சம்ப் இருந்தால் அதையும் கூட்டுங்கள். கணக்கு அவ்வளவுதான்.

எந்தப் பாலிசி? ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் வீட்டுப் பாலிசி இது. புயல், வெள்ளம், நீர் சூழ்தல் அடிப்படைப் பாலிசியிலேயே அடங்கும். கட்டடத்தோடு சாமான்களுக்கும் சேர்த்து எடுத்தால், பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை அவற்றுக்குக் காப்பீடு உண்டு. உங்கள் கணக்கில் அது 3.96 லட்சம், பிரிட்ஜும் பீரோவும் அதற்குள் அடங்கிவிடும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். பீரோவில் வைத்த ரொக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. வருடக்கணக்கில் ஊறும் ஓதத்தையும் வெள்ளக் கணக்கில் எழுத முடியாது.

வங்கியில் பிடித்தது என்னவென்று முதலில் பாருங்கள். பல சமயம் அது உங்கள் உயிருக்கு எடுத்த கடன் காப்பீடாக இருக்கும். சுவர் இடிந்தால் உதவாது. வீட்டுக் காப்பீடாகவே இருந்தாலும் கடன் தொகைக்கு மட்டும்தானா, சாமான்கள் உண்டா என்று பாலிசி நகலை வாங்கிப் படியுங்கள். “அதெல்லாம் இருக்கு சார்” என்று வாயால் சொன்னால் போதாது.

அப்புறம், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய மழையைப் பார்த்த பிறகு, ‘வறண்ட மாவட்டம்’ என்ற பேச்சை நம்பி இருக்க வேண்டாம். சுவர் ப்ளக்குகளையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் இடுப்புக்கு மேலே ஏற்றுங்கள். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராதபடி ஒரு வால்வு போடுங்கள். வீட்டுக்குள் முதலில் பொங்குவது பாத்ரூம் வழியாகத்தான். ஏரியின் உபரிநீர் போகும் வாய்க்காலை யாராவது அடைத்திருந்தால் தெருவாகச் சேர்ந்து மனு கொடுங்கள். அந்த மனுவுக்குச் செலவில்லை, பிரீமியத்தைவிடப் பலன் அதிகம்.

தண்ணீர் வடிந்ததும் கழுவித் தள்ளாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட சாமான் எதையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள்.

காருக்கு வீட்டுப் பாலிசி செல்லாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது; முழுக் காப்பீடு வேண்டும். அதோடு இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையும் எடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுத்தே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.