வழக்குரைக்கு முன்னால் குளிர்த்தியா?

கேள்வி: நாலு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறோம். 2024 கார்த்திகை வெள்ளத்தில் விதைத்ததெல்லாம் அழுகிப் போனது. உழவுக்கும் விதைநெல்லுக்கும் ஈடு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. டவுனில் வேலை செய்கிற அக்காவின் மகன் தினமும் விடிய முதல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறான்: "நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள், நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதுங்கள், மனம் அமைதியாகும்." ஒரு கிழமை எழுதிப் பார்த்தேன். "பிள்ளைகள் சுகம்", "கிணற்றுத் தண்ணீர் நல்லது" என்று இரண்டு வரி வரும். மூன்றாவது வரவேயில்லை, கோபம்தான் வந்தது. நான் நன்றிகெட்டவளா?
(வாசகி ஒருவர், வெல்லாவெளி, மட்டக்களப்பு)

பதில்: இல்லை, தங்கச்சி. வராத வரியை வந்ததாக எழுதி ஒப்பேற்றாமல் கொப்பியை மூடினீர்களே, அது போதும். எத்தனை பேர் அந்த மூன்றாவது வரியில் பொய்யை எழுதிவிட்டு, கோபத்தை இரவில் பிள்ளைகளின் முதுகில் இறக்குகிறார்கள் தெரியுமா?

உங்கள் அக்காவின் மகனுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். செட்டிபாளையமோ காரைதீவோ தம்பிலுவிலோ, வைகாசியில் ஏதாவது ஒரு கண்ணகை அம்மன் சடங்குக்குப் போயிருப்பீர்கள். கோயில் கதவு திறந்த அன்றைக்கே, அம்மனின் சூடு தணிக்கிற குளிர்த்தியைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்களா? இல்லை. முதலில் வழக்குரை. சிலம்போடு பாண்டியன் சபைக்குப் போனவளின் வழக்கை, நாள்கணக்கில், ஒன்றையும் விடாமல் பாடுகிறார்கள். "போனது போகட்டும் தாயே, ஏற்றுக்கொள்" என்று சடங்கு நடத்துகிற எந்தக் கட்டாடியாரும் அம்மனுக்குப் புத்தி சொன்னதில்லை. சொல்லவேண்டியதெல்லாம் சொல்லி முடிந்த பிறகுதான் குளிர்த்தி. அந்தக் காலத்தில் ஊரே வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, கொம்பு இழுத்து, ஒருவரையொருவர் வசைபாடியதும் அதே அம்மன் பேரில்தான். வைவதற்கும் ஒரு முறை வைத்திருந்த ஊர் இது.

உங்களுக்கு வந்த செய்தியில் வழக்குரை இல்லை. நேரே குளிர்த்தி. அதனால்தான் சூடு ஆறவில்லை.

ஆறுதல் சொல்கிறவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். நம் மொழியில் "ஆவது" என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியில் அதை நிறையக் கேட்டேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் வந்து, "உன் உயிராவது மிஞ்சினதே" என்பார்கள். அவள் ஒன்றும் பேசமாட்டாள். பல மாதம் கழித்து அவளே ஒருநாள், "மூத்தவனாவது இருக்கிறான்" என்றாள். ஒட்டு ஒன்றுதான். அவள் வாயிலிருந்து வந்தபோது அது நன்றி. மற்றவர் வாயிலிருந்து வந்தபோது கல். துயரப்பட்டவருக்கு மட்டும் உரிய சொல் அது. நாம் இரவல் வாங்கிப் பேசக்கூடாது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது அம்மம்மா. 1978 கார்த்திகை 23, சூறாவளி இரவு. எனக்கு ஒன்பது வயது. விடிந்து பார்த்தால் கூரையில் ஒரு கிடுகு இல்லை, வளவில் நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை. அம்மம்மா விழுந்து கிடந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து, வானத்தைப் பார்த்து ஏசத் தொடங்கினா. அரை நாள் ஏசினா. இங்கே அச்சிட முடியாத சொற்களும் அதில் இருந்தன. சிலதன் பொருள் எனக்கு இருபது வயதில்தான் விளங்கியது. மத்தியானம் எழுந்து, கத்தியை எடுத்து, விழுந்த மரங்களின் தலையைப் பிளந்து குருத்து எடுத்தா. எங்களுக்குத் தந்தா, அடுத்த வளவுக்கும் கொடுத்துவிட்டா. அன்றைக்கு ஊரில் பல வீட்டில் அதுதான் சாப்பாடு. "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று அவ சாகும்வரை அந்த இரவைப்பற்றிச் சொன்னதில்லை. குருத்து நல்ல ருசி என்று மட்டும் சொல்லுவா.

இனி, ஏற்றுக்கொள்ளுதல். மாரி பெய்யும், தாழ்ந்த வயல்வட்டையில் தண்ணீர் நிற்கும், இதை யாரும் மாற்ற முடியாது. ஏற்றுக்கொள்வோம். ஆனால் மட்டக்களப்பு வாவி நிறைந்து வயல் மூழ்கும்போது நம்மவர்கள் கைகட்டி நின்றார்களா? முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்து, வெள்ளத்தைக் கடலுக்கு விட்டார்கள். இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் ஒவ்வொரு மாரியும் வாக்குவாதம். வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று அவர்கள், நாற்று அழுகுகிறது என்று இவர்கள். மழையை ஏற்றுக்கொண்டவர்கள்தான் இத்தனை சண்டையும் பிடிக்கிறார்கள்!

ஆகவே உங்கள் இழப்பையும் பிரித்துப் பாருங்கள். மழை ஒருபக்கம் இருக்கட்டும். வடிகாலை அடைத்துக் கிடந்தது என்ன? ஈட்டுக்கு எவ்வளவு வட்டி? பயிரழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தீர்களா, காப்புறுதிக்கு எழுதிக் கொடுத்தீர்களா? குத்தகைக்காரர் என்று திருப்பி அனுப்பினார்களா? இவையெல்லாம் மழை அல்ல. இதையும் "விதி" என்று ஏற்றுக்கொள்ளச் சொல்கிறவர், உங்கள் அமைதியைவிடத் தன் வசதியைத்தான் பார்க்கிறார்.

அந்த மூன்று வரிப் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் அது இருக்கிறது. ஒரு வாரம், இரவில், அன்று நல்லபடி நடந்த மூன்றை எழுதவேண்டும்; ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதவேண்டும். செய்தவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் இணையத்தில் தாங்களாகவே தேடி வந்து சேர்ந்தவர்கள். விடிய முதல் மற்றவர் தட்டி எழுப்பி எழுதச் சொன்னவர்கள் அல்ல. உங்களுக்கு வந்த செய்தியில் அந்த "ஏன்" விழுந்துவிட்டது. "கிணற்றுத் தண்ணீர் நல்லது" என்ற வரிக்கு ஏன் என்று கேட்டால் அதை வெட்டினவர், வெள்ளத்துக்குப் பிறகு இறைத்துத் துப்புரவாக்க வந்து நின்றவர்கள் என்று ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குக் கொப்பியில் நன்றி எழுதுவது நம் வழக்கமல்ல. அடுத்த வீட்டுச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம், அவ்வளவுதான். ஒரு பிடி கீரையாவது போட்டுத்தான் கொடுப்போம்.

நாளை விடிய முதல் செய்தி வந்தால் இப்படிப் பதில் போடுங்கள்: "மனே, எழுத நேரமில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா, கமநல நிலையத்துக்குப் போகவேணும். வயல் படமெல்லாம் உன் போனில்தான் இருக்கு." வந்தால், அன்றிரவு மூன்றாவது வரியில் அவன் பேரை எழுதலாம். வராவிட்டால் அந்தக் குழுவிலிருந்து விலகிவிடுங்கள்.