பேச்சில் கெட்டிக்காரியான என் மகள் எழுத்தில் மட்டும் பின்தங்குகிறாள். கற்றல் குறைபாடாக இருக்குமா? என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மகனின் மூன்றாம் வகுப்பு நோட்டுதான் நினைவுக்கு வந்தது. ‘மேகம்’ என்பதை ‘மகேம்’ என்று எழுதுவான். காதில் முதலில் விழுவது ‘ம’. அதைப் போட்டுவிட்டுத்தான் கொம்பைப் போடுவான். கொம்பு ‘க’வின் கணக்கில் சேர்ந்துவிடும். அதே பையன், அத்தனை தண்ணீரைச் சுமக்கும் மேகம் ஏன் பொத்தென்று விழுவதில்லை என்று தாத்தாவுக்கு அரைமணி நேரம் விளக்குவான். “மூளை இருக்கிறது, சோம்பேறித்தனம்” என்றார்கள் பள்ளியில். நாங்களும் நம்பினோம் என்பதுதான் வெட்கம்.

டிஸ்லெக்சியா, அதாவது அறிவு குறையாமலே வாசிப்பும் எழுத்தும் தடுமாறும் கற்றல் குறைபாடு என்று பிறகு தெரிந்தது. பரிசோதனையில் மொத்த ஐக்யூ ‘சராசரி’ என்று வரலாம். அந்த ஒற்றை எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். உட்பிரிவு மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். என் மகனுக்குச் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் மிக உயரத்தில் இருந்தது, பார்த்ததைச் சட்டென்று செய்து முடிக்கும் செயல்வேகம் தரையில் கிடந்தது. இரண்டையும் கூட்டினால் நடுவில்தான் நிற்கும். இப்படித்தான் திறமையும் குறையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன.

நாங்கள் செய்த பெரிய தவறு, எழுத்து சரியாகும்வரை சதுரங்கம் கிடையாது என்றது. மாலை முழுவதும் இரட்டைக்கோடு நோட்டு. ஒரு பருவம் போனது. எழுத்தும் தேறவில்லை, பையன் கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் சதுரங்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். எழுத்துக்கு நாளைக்கு அரைமணி நேரம் மட்டும், சிறப்பு ஆசிரியரிடம். அவர் ‘மே’ என்பதை ஒரே அட்டையாக வெட்டிக் கையில் கொடுத்தார். கொம்பு தனியாக அலைய வழியில்லை. அறிவியல் விடைகளை வாயால் சொல்ல வகுப்பாசிரியை அனுமதித்தார், அதுவும் தம் மதிய உணவு நேரத்தில்.

கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. குறைபாட்டுக்கான சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பார்கள். “நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு?” என்று பள்ளியிலேயே கேட்பார்கள், காதில் வாங்காதீர்கள். சான்றிதழுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே அலையத் தொடங்கிவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன்.