இரவைப் பார்த்து நாற்று நடுங்கள்

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, என் மகள் கலியாணம் கட்டி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறாள். ஏப்ரலில் ஒரு கிழமை நல்ல வெயில் எறித்ததாம். யன்னலோரம் வளர்த்த தக்காளி, மிளகாய், பயற்றங்காய்க் கன்றுகளை வெளியே நட்டுவிட்டாள். ஒரே இரவில் எல்லாம் கறுத்து வதங்கிவிட்டன. மண் சரியில்லையா? இங்கிருந்து விதை அனுப்பட்டுமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: மண்ணில் பிழையில்லை தங்கச்சி. திருகோணமலையில் நாங்கள் மழையையும் காற்றையும் பார்த்து நடுகிறோம். ஐப்பசி மழை விழுந்தால் விதைப்போம், கச்சான் என்ற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் கிணற்றை எட்டிப் பார்ப்போம். தை மாதத்து இரவுகூட இங்கே ஒரு கன்றைக் கொல்வதில்லை. லீட்ஸில் பகல் வெயில் எவ்வளவு எறித்தாலும், முகில் இல்லாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடும். விடியும்போது உறைபனி. அந்தப் பக்கம் மே மாத நடுப்பகுதி கழிந்த பிறகும் சில வருடங்களில் அது வரும்.

மிளகாயை பெப்ரவரியில் யன்னலோரச் சாடியில் போடச் சொல்லுங்கள். தக்காளியை மார்ச் கடைசியில், போஞ்சியை ஏப்ரல் கடைசியில். இரவில் 10 பாகைக்குக் குறையாத நாட்கள் வந்த பிறகே வெளியே நட வேண்டும், பெரும்பாலும் ஜூன் தொடக்கம். அதற்கு முந்திய 10 நாளும் சாடிகளைப் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுக்கட்டும். வீட்டுச் சூட்டில் வளர்ந்த கன்று காற்றுக்கும் வெயிலுக்கும் பழகாமல் போனால், உறைபனி இல்லாமலே வாடும். இன்னொன்று, எல்லாக் கன்றையும் ஒரே நாளில் நடக்கூடாது. பாதியை நட்டு, பாதியை இரண்டு கிழமை பிந்தி நட்டால், காலநிலை ஏமாற்றினாலும் பாதி மிஞ்சும். திடீரென்று குளிர்ந்தால் பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் எடுத்துவிடலாம்.

பயற்றங்காயை விட்டுவிடட்டும். அந்தக் கொடிக்கு வேண்டிய சூடு அங்கே வெளியில் கிடையாது. கொடிப் போஞ்சி நன்றாகக் காய்க்கும். குளிர் ஊரில் இருந்துகொண்டு நம் ஊர் மரக்கறிக்காகவே ஏங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது. உள்ளியைப் பாருங்கள். ஒக்டோபரில் ஒவ்வொரு பல்லாக ஊன்றினால், மாரிக் குளிர் பட்டுத்தான் அது பல் பல்லாகப் பிரியும், அடுத்த ஜூலையில் கிண்டலாம். இங்கே நட்டால் தாள்தான் மிஞ்சும். பட்டாணி, லீக்ஸ், கோவா எல்லாம் அந்த மண்ணில் சிரமமில்லாமல் வரும்.

விதை அனுப்ப வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அங்கே விதை கொண்டுபோக விடமாட்டார்கள். தமிழ்க் கடையில் சமையலுக்கு விற்கும் வெந்தயமும் கொத்தமல்லியுமே முளைக்கும். வெந்தயத்தை ஜூனில் தூவினால் ஒரு மாதத்தில் கீரை பறிக்கலாம். கொத்தமல்லியை ஏப்ரலிலும் ஓகஸ்ட்டிலும் போடட்டும். ஜூனில் அங்கே பகல் 16 மணிநேரத்துக்கு மேல் நீள்வதால் இலை விடாமல் பூத்துவிடும். கறிவேப்பிலை எப்போதும் சாடியில்தான். ஒக்டோபர் வர முன்பு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மாரியில் அது சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான், எனவே மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாக ஊற்றினால் போதும்.

கேள்வி: நிலாவெளி மணலில் கரட், கோவா வருமா?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: வரும் தம்பி, ஆனால் காலம் தவறக்கூடாது. கார்த்திகை அடைமழையில் கரட் விதை மணலோடு அள்ளுப்பட்டுப் போகும். மார்கழிக் கடைசியில் மழை தணிந்ததும் விதையுங்கள், பங்குனி வெயில் ஏறுமுன் பிடுங்கிவிடலாம். மணலில் மக்கிய மாட்டெருவையும் இலைக்குப்பையையும் தாராளமாகக் கொத்திக் கலக்க வேண்டும். புதுச் சாணம் போட்டால் கரட் கிளைவிடும். கோவாவுக்கு, வெப்பம் தாங்கும் இனத்தைக் கேட்டு வாங்குங்கள். மலைநாட்டுக் கரட்டின் இனிப்பை எதிர்பார்க்க வேண்டாம், எங்கள் இரவு அதற்குச் சூடு. என்னைக் கேட்டால் பீட்ரூட்தான் இந்த மண்ணுக்கு நம்பிக்கையானது.

கேள்வி: இடமாற்றத்தில் நுவரெலியா வந்திருக்கிறேன், ரீச்சர். வெண்டி, கத்தரி போடலாமா? தை மாதத்தில் புல் வெள்ளையாகிறது என்கிறார்களே?
– ஓர் ஆசிரியை, சொந்த ஊர் தம்பலகாமம்

பதில்: 1,868 மீற்றர் உயரத்தில் வெண்டி வராது மகள். கத்தரியும் இழுபடும். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு போடுங்கள். அங்கே படிப்பித்த காலத்தில் அந்த வெள்ளையை நானும் பார்த்திருக்கிறேன். அது துகள் உறைபனி. தை, மாசியில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் விழும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால், வளவின் தாழ்ந்த மூலையில் உருளைக்கிழங்கை நட வேண்டாம். மாலையில் வானம் தெளிந்திருந்தால் கன்றுகளைச் சாக்கால் மூடிவிட்டுப் படுங்கள். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை அவியும்.