மழை ஏன் உப்புக் கரிக்கவில்லை?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். 5 வயது மகளுக்கு மேகம், மழை பற்றிச் செய்துகாட்டிச் சொல்லித்தர ஆசை. அட்டையில் பஞ்சு ஒட்டி மேகம் செய்தோம். “கடல் தண்ணிதான் மழையா வருதுன்னா, மழை ஏம்மா உப்புக் கரிக்கல?” என்று கேட்டுவிட்டாள். முழிக்கிறேன்!

பதில்: பஞ்சை எடுத்து உள்ளே வையுங்கள். அவள் கேட்ட கேள்வியை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள், அவள் நாக்கே கண்டுபிடிக்கட்டும்.

அகலச் சட்டியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரையுங்கள். (வாசலிலேயே கடல் இருக்கிறதே என்பீர்கள். படகு நிற்கிற இடத்துத் தண்ணீரில் டீசல் மிதக்கும், வாயில் வைக்க ஆகாது.) நடுவில் ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளர், அதன் வாய் சட்டி விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைக் கட்டி, டம்ளருக்கு நேர் மேலே ஒரு கூழாங்கல்லை வைத்து, காலையிலேயே வெயிலில் வைத்துவிடுங்கள். ராமநாதபுரத்து வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்! சாயங்காலம் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியிருக்கும். முதலில் சட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நக்கச் சொல்லுங்கள், அப்புறம் டம்ளர் தண்ணீரை. தாளை எடுத்துவிட்டுச் சட்டியை அப்படியே காயவிட்டால், சில நாளில் அடியில் உப்பு பூத்திருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதும் இதுதான். தண்ணீர் ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது, உப்பால் கிளம்ப முடியவில்லை.

ஆனால் அதே உப்பு மேகத்துக்குள்ளும் இருக்கிறது! அலை உடையும்போது தெறிக்கிற நீர் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் காற்றில் ஏறுகிறது. ஆவி துளியாக மாற ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். அந்தத் தூள் அதற்குத்தான் உதவுகிறது. கண்ணாடி பாட்டிலில் கால்வாசி சுடுதண்ணீர் (கொதிக்கக் கொதிக்க வேண்டாம், ஊற்றுவது நீங்கள்) ஊற்றி, ஐஸ் வைத்த தட்டால் மூடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. தட்டைத் தூக்கி, ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடுங்கள். வெள்ளையாகச் சுருண்டு மேகம் எழும். உப்புத்தூள் செய்கிற வேலையை இங்கே புகை செய்கிறது. ஆக, மழையிலும் துளி உப்பு உண்டு, நாக்குக்குத் தெரியாத அளவில்.

காற்றைப் பற்றி வீட்டுத் தாத்தாவைக் கேட்கவிடுங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் சொல்லும்போது, குச்சியில் கட்டிய ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது என்று அவள் பார்த்துக்கொள்வாள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் காட்டலாம். 1964 தனுஷ்கோடிப் புயல் கதை மட்டும் இப்போது வேண்டாம். ஐந்து வயதுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும்.

நம் பக்கத்துக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் ஒரு மழைமானி செய்துவிடுங்கள். நேரான பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே புனல் மாதிரி கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்க மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்யமாக வைத்து ஸ்கேல் ஒட்டுங்கள். மொட்டைமாடியில் சுவர் ஓரமில்லாமல் வைத்து, வானிலை நிலையங்களைப் போலக் காலை 8.30 மணிக்கு அளந்து காலண்டரில் எழுதட்டும். 1 சென்டிமீட்டர் பெய்தால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் 10 லிட்டர். குடம் தூக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரியும்.