கிட் லென்ஸுக்கு அடுத்து என்ன? டெல்டா வாசகர்களின் கேள்விகள்

தீபாவளி போனஸும் ஆன்லைன் தள்ளுபடியும் ஒன்றாக வரும் சமயம். அதனால்தானோ என்னவோ, இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கின்றன: கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் இருக்கிறது, அதிகம் செலவழிக்க முடியாது, அடுத்து எந்த லென்ஸ்? தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். "50 மி.மீ. 1.8 வாங்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எடுப்பது வீட்டு விசேஷங்கள்தான். அடுத்து அக்காவின் வளைகாப்பு வருகிறது. வாங்கலாமா? (கும்பகோணம்)

நல்ல லென்ஸ்தான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள்.

அதன் பலம் வெளிச்சம். உங்கள் 18-55-ஐ 55 பக்கம் திருப்பினால் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகமாகத் திறக்கும்). எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் மட்டும் எரியும் ஹாலில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 வைத்துப் புள்ளி புள்ளியாக வந்த படம், அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 640-இல் வந்துவிடும். 1500டி-க்கு 6400 என்பது ஏறக்குறைய தாங்கும் எல்லை என்பதால் இது சின்ன லாபம் இல்லை.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. உங்கள் கேமராவின் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு, சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால், பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. எவ்வளவு காட்டுமோ அவ்வளவுதான் காட்டும். பத்தடி தள்ளி நின்றால் படத்தின் குறுக்கே நாலரை அடிதான் அடங்கும். அக்காவும் வளையல் போடுகிறவரும் வருவார்கள். சுற்றி நிற்கும் அத்தைமார்களும் தட்டு வரிசையும் வரமாட்டார்கள். கும்பகோணத்துத் தெரு வீடுகளில் பத்தடி பின்னால் போவதற்குள் முதுகு சுவரில் இடித்துவிடும்.

அதனால் செலவில்லாத ஒரு சோதனை. கிட் லென்ஸை 50-இல் நிறுத்தி, ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டுங்கள். ஒரு பிறந்தநாளையோ காதுகுத்தையோ அப்படியே எடுத்துப் பாருங்கள். கூடவே, பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து அவற்றின் விவரங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படமும் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலும் 18, 20, 24 என்று இருந்தால் 50 மி.மீ. உங்கள் பீரோவில்தான் இருக்கும். 45-க்கு மேலேயே இருந்தால் இன்றைக்கே வாங்குங்கள்.

அகலமாக எடுக்கிறவருக்குக் கேனானில் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் இருக்கிறது (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் ஒரு வகை). பிஸ்கட் மாதிரி தட்டையானது, பத்தடியில் ஒன்பதடிக்கு மேல் அடக்கும். ஆனால் கிட் லென்ஸே 24-இல் எஃப் 4 வரை திறக்கும் என்பதால் வெளிச்சத்தில் இரண்டு மடங்குதான் லாபம். இரண்டுக்கும் நடுவில் யாங்னுவோ என்ற சீனக் கம்பெனியின் 35 மி.மீ. எஃப் 2 மலிவாகக் கிடைக்கிறது. ஃபோகஸ் செய்யும்போது கரகரவென்று சத்தம் போடும், கொஞ்சம் தயங்கும். வீட்டு ஹாலுக்கு எனக்குப் பிடித்த அளவு 35-தான்.

எதை வாங்கினாலும் எல்லாப் படத்தையும் எஃப் 1.8-இலேயே எடுக்காதீர்கள். ஐந்தடி தூரத்தில் 50 மி.மீ.-ஐ முழுசாகத் திறந்தால் சுமார் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் துல்லியம் இருக்கும். கண் தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். இரண்டு வரிசையாக உட்காரவைத்து எடுக்கும்போது எஃப் 4-க்காவது மூடுங்கள். இல்லாவிட்டால் பின்வரிசைப் பெரியப்பா கோபித்துக்கொள்வார்.

"லென்ஸுக்குப் பதில் ஃபிளாஷ் வாங்கலாமே" என்றும் சிலர் சொல்வார்கள். வெள்ளையடித்த கான்கிரீட் கூரையில் வெளிச்சத்தை அடித்துத் திருப்ப முடியும் என்றால் அருமையான யோசனை. ஓட்டு வீட்டில் எதன்மேல் அடிப்பது?

கேள்வி: என் கேமரா நிக்கான் டி3500. இங்கே ஒரு கடையில் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா அண்ணா? (மன்னார்குடி)

லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. கடைக்காரர் இதைச் சொன்னாரா?

பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் திருகு போல ஒரு சின்னத் தண்டு வழியாக லென்ஸைச் சுழற்றும். 2006-இல் வந்த டி40-யிலிருந்து நிக்கான் தன் ஆரம்பநிலைக் கேமராக்களில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. டி3000 வரிசை, டி5000 வரிசை எதிலுமே கிடையாது. டி90-யிலும் டி7000 வரிசையிலும் உண்டு. உங்கள் கேமராவில் இந்த லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வியூஃபைண்டருக்குக் கீழே ஃபோகஸ் சரியானதும் ஒரு பச்சைப் புள்ளி நிற்கும், அதை வைத்துச் சமாளிக்கலாம். குத்துவிளக்கு, பொம்மை, சிலைக்கு ஓகே. ஓடுகிற குழந்தைக்குச் சரிவராது.

உங்களுக்கு நான் சொல்வது ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. 2009-இல் வந்தது, இந்தச் சின்னச் சென்சாருக்கென்றே செய்தது. செகண்ட் ஹேண்டிலும் நிறையப் புழங்குகிறது. மேலே கேனான்காரருக்கு நான் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில் நிக்கான்காரர்களுக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது!

இதே ஊரிலிருந்து இன்னொருவர், டி3200-க்குப் புது ஏஎஃப்-பி 18-55 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்கள் டி3200, டி5100, டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. டி3300-க்கு மென்பொருளைப் புதுப்பித்தால் வேலை செய்யும்.

கேள்வி: கோடியக்கரை பக்கத்தில் இருக்கிறேன். பூநாரை எடுக்க ஆசை. கேனான் 75-300 லென்ஸின் விலை 55-250-ஐவிடக் குறைவு. 300 என்றால் இன்னும் கிட்டத்தில் வரும், விலையும் கம்மி. அதையே வாங்கிவிடலாம்தானே? (வேதாரண்யம்)

55-250 ஐஎஸ் எஸ்டிஎம் வாங்குங்கள். 250-க்கும் 300-க்கும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கொஞ்சத்துக்காக 75-300-இல் நீங்கள் இழப்பது அதிகம். அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் இல்லை. 300-இல் அதன் தெளிவும் சுமார். நீங்கள் விரும்புகிற அந்தக் கடைசி முனையில்தான் அது மிகவும் சொதப்பும். 55-250-இன் பழைய மாடல்கள் இரண்டு லென்ஸ் கிட்டில் வந்து, பிரிக்காத டப்பாவோடு விற்பனைக்கு வருவதும் உண்டு. எஸ்டிஎம் கிடைக்காவிட்டால் ஐஎஸ் என்று எழுதியிருக்கிறதா என்றாவது பாருங்கள்.

ஐஎஸ் உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை நிற்கும் பறவைக்கு நொடியில் 400-இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 1000-இல் ஒரு பங்கு, அல்லது அதைவிட வேகமாக வையுங்கள்.

இப்போது ஏமாற்றமான கணக்கு. ஒன்றேகால் மீட்டர் உயரப் பூநாரை நூறு மீட்டர் தள்ளி நின்றால், 250 மி.மீ.-இல் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். இருநூறு மீட்டரில் பத்தில் ஒன்று. கோடியக்கரைச் சேற்றுப் பரப்பில் அவை உங்களை நூறு மீட்டருக்குள் விடுவதே அபூர்வம். பக்கத்தில் போக முயன்று விரட்டியும் விடாதீர்கள். ஒற்றைப் பறவையின் முகத்தை மறந்துவிட்டு, கூட்டத்தையும் நீர்ப்பரப்பையும் சேர்த்து எடுங்கள், 55-250-க்கு அது அழகாக ஒத்துவரும். ஒன்பது மணிக்கு மேல் உப்புத் தரை சூடேறிக் காற்றே நெளிய ஆரம்பிக்கும், அதற்குமேல் எந்த லென்ஸாலும் தெளிவான படம் வராது.

நெருக்கமான படம் வேண்டுமென்றால் வயலுக்குப் போங்கள். சேறடிக்கும் டிராக்டர் பின்னாலேயே மடையானும் உண்ணிக்கொக்கும் வரும், ஆளைச் சட்டை செய்யாது. நத்தைகுத்தி நாரையும் நத்தை கிடைக்கும் வயலில் பொறுமையாக நிற்கும். பைக்கை விட்டு இறங்காமல் அதன்மேல் உட்கார்ந்தபடியே எடுத்தால் இன்னும் பக்கம் போகலாம். பிறகு குளிர்காலத்தில் வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் ஒரு நடை. இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடங்கள்.

கடலோரம் போய்வந்த அன்றே லென்ஸின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

கேள்வி: பெரிய கோயில் விமானம் 18 மி.மீ.-இல் முழுசாக வருமா? 10-18 என்ற அகல லென்ஸை வாங்கச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

வரும். விமானம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, 18-இல் வைத்து, நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் அடியிலிருந்து கலசம் வரை அடங்கும். கோயிலின் திருச்சுற்று நீளவாக்கில் 240 மீட்டர் இருக்கிறது, பின்னால் போக இடமா இல்லை? கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்வது போல வரும். அதைக் குறைக்க இன்னும் தள்ளிப் போய் 24, 28-இல் எடுங்கள். டிரைபாட் வேண்டுமென்றால் தொல்லியல் துறையின் அனுமதி தேவை. கருவறையில் படம் எடுக்கக் கூடாது.

10-18 உண்மையாகவே கைகொடுப்பது தாராசுரம் மண்டபத்துக்குள்ளும், திருவாரூர் ஆழித்தேர் அன்றும்தான். 96 அடித் தேரை 18-இல் அடக்க ஐம்பதடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும், அந்தக் கூட்டத்தில் யார் வழிவிடுவார்கள்? ஆனால் வருஷத்துக்கு ஒருநாளைக்காக முதல் லென்ஸ் வாங்க வேண்டாம்.

கேள்வி: விவசாயக் கல்லூரியில் படிக்கிறேன். நெல்லில் வரும் புகையான் பூச்சியைப் படம் எடுக்க வேண்டும். மேக்ரோ லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை. கேனான் 200டி-யும் 50 மி.மீ. எஃப் 1.8-ம் வைத்திருக்கிறேன். (திருத்துறைப்பூண்டி)

உங்களுக்கு லென்ஸே வேண்டாம், எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் வளையங்கள். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். மூன்று வளையத் தொகுப்பு சேர்த்து மாட்டினால் 65 மி.மீ. அளவுக்கு நீளும். 50 மி.மீ. லென்ஸில் அது நிஜ அளவைத் தாண்டிவிடும். மூன்று நான்கு மி.மீ. புகையான் படத்தின் குறுக்கே ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வரும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வளையத்தில் தங்கநிற மின்தொடர்பு ஊசிகள் இருக்க வேண்டும். இல்லாத மலிவு ரகத்தில் கேனான் லென்ஸின் அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) மாற்ற முடியாது, முழுசாகத் திறந்தே நிற்கும், பூச்சியின் ஒரு கால் மட்டும் தெளிவாக வரும். எஃப் 11-க்கு மூடி, ஃபிளாஷ் போட்டு எடுங்கள். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வரப்பில் நின்று எடுக்க முடியாது, வயலில் இறங்க வேண்டும். கேமரா வாரைக் கழுத்திலேயே விடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா? (நாகப்பட்டினம்)

அரிசியைச் சாப்பிடுங்கள். அதன் தவிடும் தூசியும் ஜூம் வளையத்துக்குள் போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பை சில, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, இவ்வளவுதான் தேவை. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் காட்டட்டும், 60 சதவீதத்துக்கு மேலே போனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஜெல் நிறம் மாறினால் சமையல் பாத்திரத்தில் சேராத ஒரு வாணலியில் மிதமான தீயில் சூடாக்கினால் திரும்பப் பழைய நிறத்துக்கு வரும். அழகான தோல் உறைக்குள் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

கேள்வி: புதிதாக கேனான் ஆர்50 வாங்கினேன். சித்தப்பாவின் பழைய இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் சும்மா கிடக்கிறது. பொருந்துமா? (பாபநாசம்)

நேராக மாட்டாது. நடுவில் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டால் ஆட்டோஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும். இஎஃப்-எஸ் லென்ஸ்களும் அப்படியே. சித்தப்பாவிடம் இன்னும் இரண்டு லென்ஸ் இருந்தால் அடாப்டர் வாங்குங்கள். இது ஒன்றுதான் என்றால் அடாப்டர் விலையோடு ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8-இன் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: லென்ஸோடு யுவி ஃபில்டரும் கட்டாயம் வாங்க வேண்டுமா? கடையில் வற்புறுத்துகிறார்கள். (மயிலாடுதுறை)

கட்டாயமில்லை. அந்தக் காசுக்கு லென்ஸ் ஹுட் வாங்குங்கள், வெயில் கூச்சமும் தடுக்கும், கீழே விழுந்தால் முதல் அடியையும் அது வாங்கிக்கொள்ளும். பூம்புகார் கடற்கரையில் அடிக்கடி எடுப்பவர் என்றால் மட்டும் ஒரு ஃபில்டர் இருக்கட்டும். மலிவான ஃபில்டரைப் போட்டுக்கொண்டு இரவில் கோயில் விளக்குகளை எடுத்தால், ஒவ்வொரு விளக்குக்கும் பச்சையாக ஒரு நிழல் விளக்கு கூடுதலாக வரும். அப்போது கழற்றிவிடுங்கள்.