ஆக்சிஜன் சென்சாரை விடுங்கள், காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

கேள்வி: 2017 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 70,000 கி.மீ. ஓடியது. மூன்று மாதமாக சிக்னலில் நின்றால் மிஸ் அடிக்கிறது (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் குலுங்குகிறது). லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கிவிட்டது. நாலு பிளக்கும் மாற்றியாயிற்று. ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாவிட்டால், அதற்கென்று உள்ளே இழுத்த காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் வந்துவிடும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து, 'பெட்ரோல் போதவில்லை' என்று சென்சார் சொல்கிறது. இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு. அதை நம்பி, நல்ல சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது. உங்கள் மைலேஜ் போகும் வழி இதுதான். சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதை மாற்றினால் புது சென்சாரும் அதையேதான் சொல்லும்.

'எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வருவது' என்றும் சொல்வார்கள். எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் இழப்பு ஆறேழு சதவீதம். 17 என்பது 16 ஆகலாம், 12 ஆகாது. கலக்காத பெட்ரோல் வேண்டுமென்றால் சாதாரண பங்க்கில் கேட்டு வாங்க வழியில்லாமல் வைத்திருப்பது வேறு அநியாயம்.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை (இ.சி.யு.வில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) வண்டியில் செருகி, அது காட்டும் கோளாறு எண்ணை, அதாவது கோடைக் (code) குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி 'சரி பண்ணிவிட்டேன்' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கோடு அழிந்துபோகும், கோளாறு அப்படியே இருக்கும். உதாரணமாக, பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ். டைமிங் செயின் பக்கம் இருப்பது முதலாவது.

ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க் மின்சாரம் கொடுப்பது அதன் மேல் உள்ள காயில். இன்ஜின் ஆறியதும் மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போடுங்கள், அங்கிருந்ததை இங்கே. கோடை அழித்துவிட்டு, மிஸ் அடிக்கும் வரை ஓட்டுங்கள். பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோடு நகரவில்லையா? அதேபோல் பிளக்கை இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. அதற்கும் அசையவில்லை என்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது). பிளக் புதிது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்: கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், சந்தையில் போலியும் உண்டு.

காயிலை உருவும்போது பிளக் குழியைப் பாருங்கள். ஆயில் நின்றால் டேப்பெட் கவர் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் சீல்) கசிகிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால், ஆயிலில் ஊறி அதன் ரப்பரும் கெட்டுவிடும். இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் இதே குழியைத்தான் நிரப்பும்.

வண்டியில் சிஎன்ஜி போட்டிருந்தால் கதை வேறு. கேஸில் மட்டும் மிஸ் அடித்து பெட்ரோலில் சரியாக ஓடினால், பிளக்கோ காயிலோ தளர்ந்திருக்கலாம். கேஸைப் பற்றவைக்க வலுவான ஸ்பார்க் வேண்டும். பெட்ரோலில் மட்டும் அடித்தால், மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் பெட்ரோல் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். இரண்டிலும், அதுவும் சூடேறிய பிறகு அடித்தால், வால்வு இருக்கை (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) தேய்ந்து, டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விட்ட சந்து) இறுகியிருக்கலாம். வால்வு முழுசாக மூடாது. நாலு காயில் மாற்றினாலும் தீராது. கேஸ் வண்டிக்கு இந்த டேப்பெட் இடைவெளியைப் பார்ப்பது தலையாய சர்வீஸ். பொருத்திக் கொடுப்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றி எழுதும் அலுவலகமும் கேட்பதில்லை.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் உடனே ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். 'அதை வெட்டி எடுத்தால் மைலேஜ் கூடும்' என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை. குழாயில் கருவியைச் செருகாமலே புகைச் சான்று கொடுக்கும் இடங்கள் இருப்பதால் இந்த வியாபாரம் நடக்கிறது. கன்வெர்ட்டர் உண்மையிலேயே உருகி அடைத்திருந்தால்கூட, மிஸ்ஸிங்கைத் தீர்த்த பிறகே புதிதை மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.